மண் கட்டிய துவரை

விதை எடுக்க அடுப்படிக்குள் வந்த தெய்வசிகாமணி பரணை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பரண் காலியாக இருந்து அவர் பார்த்ததில்லை. ஓட்டைக் குண்டான், உரச் சாக்கு, ஊறுகாய் ஜாடி, பழைய காலண்டர் அட்டை என்று எதற்கும் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த இடம். இப்போது துடைத்துவிட்ட சிலேட்டுபோல் இருந்தது. கீழே சுவர்த் தட்டுகளில் ஒரே அளவில் டப்பாக்கள் அணிவகுத்திருந்தன.

"இன்னா செல்வி, வூடு மாறிப் பூந்துட்டனா?"

"எல்லாம் உங்க பொண்ணு பண்ண வேல" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. சொல்லும்போதே அவள் முகத்தில் பெருமை வழிந்தது. "ரெண்டு நாளா இங்க சோறு தின்னுட்டுப் போனீங்களே, ஒரு நாளாவது தலயத் தூக்கிப் பாத்தீங்களா?"

மலைமேல் கரியாலூர் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் இலக்கியா. லீவுக்கு வந்தவள் ஊர்சுற்றாமல் அம்மாவின் அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சிக்குப் போய் உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாக்களாக வாங்கி வந்து, எல்லாச் சாமானையும் கூடத்தில் கொட்டி, புடைத்து, வெயில் காட்டி, நிரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினாள். தினமும் எடுப்பது நெஞ்சளவில். கனமானது தரையில். எப்போதாவது எடுப்பது மேல் தட்டில். பழையது முன்னால், புதியது பின்னால். முன்னால் இருப்பது தீராமல் பின்னால் கை போகக் கூடாது. "இது அடுப்படியா, உன் கிளாஸ் ரூமாடி?" என்று முதல் நாள் கேலி செய்த செந்தமிழ்ச்செல்விதான், மறுநாள் காலையில் ஒரு தடவைகூடக் குனியாமல் சாம்பார் வைத்து இறக்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டப்பாக்களை வரிசையாகத் தடவிக் கொடுத்தாள். உளுந்து, கடலை, கொள்ளு என்று முத்து முத்தாக மகள் எழுத்து. கோடியில் ஒரு டப்பாவில் 'சாமை – செல்லியம்மா அக்கா'. இலக்கியா குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மலையிலிருந்து கொடுத்தனுப்பியது. அந்தச் சாமையில் பொங்கிய கஞ்சியைக் குடித்திருக்கிறாளே தவிர, அந்தம்மா முகத்தைச் செந்தமிழ்ச்செல்வி பார்த்ததில்லை.

"வெதத் தொவர எங்க? மழ பேஞ்ச ஈரம் காயறதுக்குள்ள ஊணணும்."

"தேடவே வேணாம். எழுதி வச்சிருக்கா பாருங்க." 'விதைத் துவரை' என்று எழுதிய டப்பாவை எடுத்து நீட்டினாள். கல்யாண வீட்டில் பரிசுப் பொருள் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

மூடியைத் திறந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். செம்மண் பொடிப் பொடியாக உதிர்ந்து விரலிடுக்கில் வழிந்தது. இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

"இது மண்ணு கட்டுனதாச்சே" என்றார்.

துவரையைப் பருப்பாக உடைப்பதற்கு முன்னால் ஊறவைத்து, செம்மண்ணைக் குழைத்துப் பிசறி, வெயிலில் காயப்போட வேண்டும். அப்போதுதான் தோல் சுலபமாகக் கழலும், வண்டும் அண்டாது. அதற்குத்தான் மண் கட்டுவது என்று பெயர். சித்திரை வெயிலில் செந்தமிழ்ச்செல்வி மண் கட்டி உடைத்தது போக, உடைக்காத துவரை ஒரு பை மிச்சம் இருந்தது. விதைத் துவரை இன்னொரு பை. இரண்டும் பரணில்தான் கிடந்தன. விதை அடுப்புச் சூடு படுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். விறகு போய் கேஸ் வந்த பிறகும் விதை இடம் மாறவில்லை. இரண்டுமே ஒரே கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சள் பைகள்.

"அப்ப வெத?" என்றாள்.

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை காலை அவள் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து இலக்கியா கத்தினாள்: "யம்மா, ரெண்டு மஞ்சப் பையில தொவர இருக்குது. எது எதும்மா?" மடியிலிருந்து கையை எடுக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் இவள் கத்தினாள்: "செவப்பா இருக்கறது மண்ணு கட்டுனது, ஒடைக்கணும். இன்னொண்ணு வெத." எந்த வருடமும் அது தப்பானதில்லை. விதைக்குச் சாம்பல்தான் கலந்து வைப்பார்கள். சாம்பல் சாம்பல் நிறம், மண் மண் நிறம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"வெத செவப்பாவா இருந்துச்சு?" என்றாள்.

தெய்வசிகாமணி டப்பாவைக் கீழே வைத்தார். "மருந்து கலந்திருந்தேன் செல்வி. போன வருசம் வேரழுகிப் பாதி செடி போச்சே. சோளத்துக்கு வாங்குன மருந்து மிச்சம் கெடந்துது. அத்தப் போட்டுக் கலக்கி வச்சேன். குங்குமமாட்டம் செவப்பு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னனே. நீ மோட்டருகிட்ட துணி தொவச்சிக்கினு இருந்த. தலயாட்டுன."

ஆட்டியிருப்பாள். மோட்டார் ஓடும்போது அவர் சொல்கிற எதற்கும் அவள் தலையை ஆட்டத்தான் செய்வாள். சொல்கிறவருக்கும் அது தெரியும்.

அடுத்து நடந்ததை அவள் மனம் தானாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. குங்குமச் சிவப்புக்குப் பக்கத்தில் காய்ந்த செம்மண் வெறும் பழுப்பாகத்தான் தெரிந்திருக்கும். சிவப்புத் துவரையை இலக்கியா வண்டியில் தியாகதுருகம் மில்லுக்குக் கொண்டுபோய் உடைத்து வந்தாள். "இந்தத் தடவ தோலு சரியா கழலலம்மா" என்றாள். "நீ மண்ணு கட்டுனா அவ்ளோதான்" என்று சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை இவள் முறத்தில் போட்டுப் புடைத்தாள். அன்று முழுக்கத் தலை கனத்தது. வெயில் என்று நினைத்தாள். பருப்பு இரண்டு டப்பா வந்தது. ஒன்றை இலக்கியா தன் சட்டப்படி பழைய பருப்புக்குப் பின்னால் வைத்தாள். அதனால் இந்த வீட்டில் இன்னும் யாரும் அதைத் தின்னவில்லை. இன்னொன்று இலக்கியாவோடு பஸ் ஏறி மலைக்குப் போனது. அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். "நம்ம காட்டுப் பருப்புடி. அங்க எந்தக் கடையில கெடைக்கும் இதுமாதிரி?" என்று பைக்குள் திணித்து, ஜிப்பையும் இழுத்து மூடியது செந்தமிழ்ச்செல்விதான்.

புடைத்த தோலையும் நொய்யையும் தொட்டியில் ஊறவைத்து மாட்டுக்கு வைத்ததும் அவள்தான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். வெள்ளச்சி காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. பாலும் பாதிதான். கண்ணு பட்டுவிட்டது என்று செந்தமிழ்ச்செல்வி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருந்தாள். இப்போது போய்ப் பார்த்தால் மாடு படுத்திருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. பின்னங்கால் தோல் தானாகத் துடித்து அடங்கித் துடித்தது.

"ஐயோ பாப்பா" என்று தெய்வசிகாமணி சொன்னார். மாட்டைப் பார்த்துக்கொண்டே மகளைச் சொன்னார்.

மகளுக்குப் போன் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் டவர் கிடைக்காது. வீட்டுக்கார அக்கா வீட்டைத் தாண்டி, மேட்டில் வேலியோரம் நின்றால்தான் கிடைக்கும். இலக்கியா தினமும் அங்கே நின்றுதான் பேசுவாள். காலையில் பொங்கியதையே மத்தியானமும் வந்து தின்கிறவள். காலையிலேயே தின்றிருந்தால்?

தெய்வசிகாமணி வண்டியை எடுத்தார். செந்தமிழ்ச்செல்வி பின்னால் ஏறப் போனாள்.

"நீ எங்க வர? அவ கூப்ட்டா யாரு எடுக்கறது? மலயில எனக்கு டவரு இருக்காது. நீ போன வச்சிக்கினு இங்கயே இரு." உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். சாவியையே திருப்பவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. "மத்தியானத்துக்குள்ள போயிடுவேன்" என்றார். கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் தாண்டி, அத்தனை வளைவும் ஏற வேண்டும். போய்விட முடியாது என்று இருவருக்கும் தெரியும். அவள் தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டு இருசம்மாள் சத்தம் கேட்டு வந்தாள். மாட்டைப் பார்த்ததும் மாட்டாஸ்பத்திரி ஆளுக்கு அவள்தான் போன் போட்டாள். அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து என்பது. செந்தமிழ்ச்செல்வி மோட்டார் கொட்டகைக்கு ஓடினாள். மருந்து டப்பா மூலையில் கிடந்தது. பெயர் இருந்த காகிதத்தைக் கரையான் தின்றிருந்தது. ஓரத்தில் விஷக் குறி மட்டும் மிச்சம்.

"அந்தக் குறி இன்னா கலரு பாருங்கம்மா" என்றார் அவர். "செவப்புன்னா ரொம்ப விஷம். மஞ்சள்னா கொஞ்சம் கம்மி."

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, சிவப்பு வெளுத்து மஞ்சளானதா, மஞ்சளே பழுத்துச் சிவந்ததா என்று தெரியவில்லை. இருசம்மாளிடம் காட்டினாள். இருசம்மாள் சிவப்பு என்றாள். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்ல இல்ல, மஞ்சள்தான் என்றாள்.

"பக்கத்து ஊர்ல இருக்கேன், வந்துடறேன். அதுக்குள்ள தண்ணி காட்டாதீங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. அந்தப் பெண் குரலின் மேல் அவளுக்கு வந்த கோபம், பெற்ற மகளை அந்தக் குரல்தான் எங்கோ மறைத்து வைத்திருப்பதுபோல் வந்த கோபம். அடுப்படிக்குள் போய், முன்னால் இருந்த பழைய பருப்பை நகர்த்திப் பின்னால் இருந்ததை எடுத்தாள். டப்பாவுக்குள் பருப்பு அழகாக இருந்தது. உள்ளே இருப்பது தெரியணும்மா, தெரிஞ்சாதான் தப்பு நடக்காது என்று இலக்கியா சொன்னாள். தெரிந்தது. மஞ்சள் மஞ்சளாகப் பருப்பு, நடுநடுவே குங்குமச் சிவப்பில் தோல் துணுக்குகள். ஞாயிற்றுக்கிழமை அவற்றை நல்ல செம்மண் என்று நினைத்து ரசித்தது நினைவுக்கு வந்தது.

இதை எங்கே வைப்பது? குப்பையில் கொட்டினால் கோழி கொத்தும். சாக்கடையில் கொட்டினால் நாய் வாய் வைக்கும். மேலே வைத்தால் நாளைக்கு யாராவது எடுப்பார்கள். இத்தனை இடம் ஒழித்துக் கொடுத்த அடுப்படியில் இதற்கு ஒரு இடம் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து மற்ற டப்பாக்களைப் பார்க்கப் பார்க்க அவற்றின் மேலும் பயம் வந்தது. அது உப்புதானா, யூரியாவா? அந்த வெள்ளை மாவு எந்தப் பையிலிருந்து வந்தது? மகள் எழுதி ஒட்டிய பெயர்களில் எந்தப் பெயரை அவள் கேட்டு எழுதினாள், எந்தக் கேள்விக்கு இவள் கொட்டகையிலிருந்து திரும்பாமல் பதில் சொன்னாள்? ஒன்றும் ஞாபகம் இல்லை.

கொளஞ்சியப்பர் சாமிக்கு வேண்டிக்கொண்டாள். மொட்டை போடுகிறேன் என்றாள். யாருக்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று பயந்து, எனக்குத்தான், என் தலைக்குத்தான் என்று சத்தமாகத் திருத்தினாள்.

"ஒண்ணும் ஆவாது செல்வி" என்றாள் இருசம்மாள், கொட்டகையிலிருந்து. "மருந்தெல்லாம் தோலுலதான ஒட்டியிருக்கும். தோலு மாட்டுக்குப் போச்சு. பருப்புதான பாப்பாவுக்கு. அதயும் கழுவித்தான வேக வைப்பா?"

செந்தமிழ்ச்செல்வி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து கொட்டகைக்கு வந்து, வெள்ளச்சியின் முன்னால் நின்றாள். கன்றிலிருந்தே அவள் கையில் வளர்ந்த மாடு. பேர் சொன்னால் காதை மட்டும் திருப்பும். இப்போதும் திருப்பியது. அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே அவள் மனதுக்குள் சொன்னாள்: நீ எடுத்துக்கினு போயிடு தாயே. இருக்கற வெஷத்த எல்லாம் நீயே எடுத்துக்கினு போயிடு. எம்பொண்ணுக்கு மிச்சம் வைக்காத. சொல்லிவிட்டு, மாட்டின் கண்ணைப் பார்க்க முடியாமல் உள்ளே ஓடிவந்தாள்.

போன் அடித்தது.

பாப்பா என்று பெயர் வந்தது. எடுக்கிற பொத்தானை விரல் இரண்டு தடவை தவறவிட்டது.

"இன்னாம்மா, இத்தினி தடவ போட்டிருக்க? சோத்துக்கு வூட்டுக்கு வந்தேன், இப்ப மேட்டுல நின்னா வரிசயா மெசேஜ் வருது. அப்பாவுக்கு இன்னா?"

குரல் நன்றாக இருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. அது மேடு ஏறிய மூச்சா, வேறு மூச்சா? தினமும் இந்த மகளிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. கேட்டுக் கேட்டு அர்த்தமே தேய்ந்துபோன கேள்வி. இன்று அதை வாயிலிருந்து வெளியே எடுக்க அவளுக்கு உயிர் போனது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

செந்தமிழ்ச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சாப்ட்ட?"

"ரசம்தான். முட்ட பொரிச்சேன். ஏம்மா அழுவற?"

"பருப்பு? நான் குடுத்த பருப்பு?"

 அந்தப் பக்கத்திலிருந்து தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பழைய இலக்கியாவின் குரல்: "திட்டாதம்மா. எனக்கு ஒரு ஆளுக்கு ரேஷன் பருப்பே கெடக்குது, புழு வைக்குது. நீ வேணாம்னா கேக்க மாட்டியே. அதான் டப்பாவோட செல்லியம்மா அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"தொடவே இல்லியா நீ? காலையிலகூட?"

"இல்லம்மா."

"நெசமா?"

"உம்மேல சத்தியமா."

பெற்ற வயிறு குளிர்ந்தது. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நல்லா பண்ணடி என் தங்கமே, நல்லா பண்ண. இனிமே ஒண்ணும் குடுக்க மாட்டேன். நீ வேணாம்னா வேணாம்." கொட்டகைப் பக்கம் பார்த்து, இருசம்மாளுக்குக் கேட்கிற மாதிரி, "தின்னலியாம்! தின்னலியாம்!" என்று கத்தினாள்.

"அதுக்கா அழுவற? லூசாம்மா நீ. அக்காவுக்கு அவ்ளோ சந்தோசம் தெரியுமா? அவங்க பசங்க ரெண்டுத்துக்கும் பருப்புச் சோறுன்னா உசுரு. சின்னது காலையிலயே டப்பாவத் தூக்கி வச்சிக்கினு உக்காந்திருந்துது."

செந்தமிழ்ச்செல்வியின் சிரிப்பு வாயில் அப்படியே நின்றது. எதிரே, வரிசையின் கோடியில், 'சாமை – செல்லியம்மா அக்கா' என்று மகள் எழுத்து. டப்பாவில் பாதி காலி. அந்தப் பாதி இந்த வீட்டார் வயிற்றுக்குள் போய்ச் செரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. முகம் தெரியாத அந்தம்மாவின் பிள்ளைகளுக்கு அது போனதற்காகத்தான் இத்தனை நேரம் சந்தோஷப்பட்டோமா என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பாப்பா, அது பருப்பு இல்ல. வெத. அப்பா மருந்து போட்ட வெத. நான்தான் மாத்திச் சொல்ட்டேன்." போனை வாயருகே இழுத்தாள். "வெள்ளச்சி எழுந்திரிக்கல. நீ போ. போயி அந்தப் பசங்க தின்னுச்சான்னு பாரு. போடி!"

"ஐயோ" என்று ஒரு சத்தம்.  இலக்கியா போனை அணைக்கவில்லை. கையில் பிடித்தபடியே ஓடுகிறாள் என்று தெரிந்தது. காற்று உரசும் சத்தம், சரளைக்கல்லில் செருப்பு அடிக்கும் சத்தம், விட்டு விட்டு மூச்சு. ஒரு நாய் குரைத்தது. செந்தமிழ்ச்செல்வி போனைக் காதுக்குள் புகுத்துகிற மாதிரி அழுத்திக்கொண்டாள். இன்னொரு கை உட்கார்ந்தபோது உருண்ட டப்பாவைத் தேடி இழுத்து அணைத்துக்கொண்டது.

"அக்கா! யக்கா!" கதவைத் தட்டும் சத்தம். உள்ளே ஏதோ ஒரு குழந்தை சிரித்தது, அல்லது அழுதது. டவர் போய் வந்ததில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. "யக்கா, கதவத் தொற!"

அப்போது, அந்த மலை வீட்டுக்குள்ளிருந்து, குக்கர் விசில் அடித்தது. நீளமாக, நின்று நிதானமாக.

"அணைக்கச் சொல்லு" என்று செந்தமிழ்ச்செல்வி கத்தினாள். கத்திக்கொண்டே எழுந்து, தன் அடுப்பின் திருகைப் பிடித்து முடிந்த மட்டும் அழுத்தித் திருகினாள். அது காலையிலிருந்தே அணைந்துதான் இருந்தது.